பக்கத்தை அலங்கரிப்போம், பாதுகாப்போம்

(பள்ளி விடுமுறையில் நம் அறக்கட்டளைக் கூடத்தில் மாணவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நடந்த காகித அலங்கார வகுப்பின் முதல் நாளில், செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

 

இன்று உங்களுக்குச் செய்து காட்டப் போகிறவர்கள் நம் சகோதரிகள். கத்தரிக்கோலும் பசையும் அவர்கள் சொன்னபடி கேட்கும். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வகுப்பை ஏன் வைத்தோம், இந்தக் கலை எங்கிருந்து வந்தது, வீட்டுக்குப் போய் நீங்கள் எதைச் செய்ய வேண்டும். இவை மூன்றுதான்.

முதலில், ஏன் வைத்தோம். பள்ளிக்கூடங்களில் இப்போது சின்ன வகுப்பிலேயே ‘ஸ்க்ராப் புக்’ கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது? ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, “அம்மா, நாளைக்கு ஸ்க்ராப் புக் கொண்டுபோகணும்” என்று பிள்ளை சொல்லும். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த அப்பா மறுபடியும் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். மினுமினுப்புத் தாள், ஸ்டிக்கர், ஒட்டு நாடா, பிரின்ட் எடுத்த படம் என்று வாங்கி வருவார். பிள்ளை தூங்கிவிடும். அம்மா உட்கார்ந்து ஒட்டுவார். மறுநாள் பிள்ளைக்கு மார்க் வரும். உண்மையில் அது அம்மாவுக்கு வந்த மார்க்.

இதில் எனக்கு இரண்டு வருத்தம். ஒன்று, காசு. நம் ஜமாஅத்தில் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், வெல்டிங் பட்டறையில், பழைய இரும்புக் கடையில், பேக்கரியில், பூத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள்தாம் அதிகம். வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளையின் பக்கம் மின்னுகிறது. முடியாத வீட்டுப் பிள்ளை தன் நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சப்படுகிறது. இரண்டாவது வருத்தம் அதைவிடப் பெரியது. அந்த மின்னும் பக்கத்தில் அந்த வீட்டின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. கடையில் கிடைத்த யானை, கடையில் கிடைத்த கொடி, கடையில் கிடைத்த பூ. வருடம் முடிந்ததும் அந்த நோட்டு எடைக்குப் போகிறது.

அதனால் இந்த வகுப்புக்கு இரண்டே விதி. அலங்காரத்துக்கு முடிந்தவரை வீட்டில் இருப்பதையே எடுக்க வேண்டும். அலங்கரிக்கிற பக்கத்தில் உங்கள் வீட்டுக்குச் சொந்தமான ஒரு விஷயம் இருக்க வேண்டும்.

ஒட்டுப்போட்ட ஏடு

இரண்டாவது, இது எங்கிருந்து வந்தது. ஸ்க்ராப் புக் என்பது ஆங்கிலப் பள்ளிக்கூடம் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறோம். பெயர் ஆங்கிலம்தான். ஆனால் பல இடங்களில் கிடைத்த எழுத்தையும் படத்தையும் வெட்டி, ஒரே அளவுத் தாளில் ஒட்டி, சுற்றிலும் கரை போட்டு, ஏடாகக் கட்டி வைப்பது முஸ்லிம் உலகில் பல நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். ஹெராத்திலும் இஸ்தான்புல்லிலும் ஆக்ராவிலும் அதைச் செய்தார்கள். அதற்கு முரக்கா என்று பெயர். அரபியில் ‘ருக்ஆ’ என்றால் ஒட்டுத்துணி, துண்டுச் சீட்டு. கிழிந்த சட்டைக்குப் போடுகிறோமே, அந்த ஒட்டு. சூஃபிகள் உடுத்திய ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர் வந்தது. ஆக, முரக்கா என்றால் ஒட்டுப்போட்ட ஏடு. ஸ்க்ராப் புக் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இப்படிச் சேர்த்த ஏட்டின் பெரும்பகுதி இன்று ஈரானில், தெஹ்ரான் நகரத்து குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. முரக்கா-எ-குல்ஷன், அதாவது பூந்தோட்ட ஏடு என்று பெயர். அவருடைய பேரர் தாரா ஷிகோ, ஷாஜஹானின் மூத்த மகன், ஓர் ஏடு செய்து தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு 1640களில் அன்பளிப்பாகக் கொடுத்தார். பூக்கள், பறவைகள், அழகான எழுத்துக்கள் நிறைந்த ஏடு. கொடுத்த விவரத்தைத் தம் கையாலேயே அதில் எழுதினார். 1659இல் நாதிரா பானு இறந்தார். அதே ஆண்டு தாரா ஷிகோவும் தம் தம்பி ஔரங்கசீபிடம் தோற்றுக் கொல்லப்பட்டார். ஆட்சி போயிற்று, மாளிகை போயிற்று. ஒரு கணவர் தம் மனைவிக்கு எழுதிக் கொடுத்த அந்த ஏடு மட்டும் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

நாம் அரச குடும்பம் இல்லை, நம்மிடம் தங்கம் இல்லை என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் தங்கம் இருந்ததால் மட்டும் அந்த ஏடு பிழைக்கவில்லை. தடித்த தாளில் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் அகலமாகக் கரை விட்டிருந்தார்கள். புரட்டுகிற விரல் கரையில்தான் படும், எழுத்தில் படாது. ஓரம் நைந்தாலும் நடுவில் இருப்பது தப்பிக்கும். அதோடு, அழகாக இருக்கிற ஒன்றைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அலங்காரம் என்பது வெறும் ஆடம்பரம் அல்ல, அது ஒரு காவலும்கூட. இன்று நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான்.

மேகக் காகிதம்

நம் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். தண்ணீரின் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, குச்சியால் கோலம் இழுத்து, அதன் மேல் தாளை வைத்து எடுத்தால், சலவைக்கல்லில் ஓடும் ரேகைபோல ஒரு வடிவம் தாளில் ஒட்டிக்கொள்ளும். பாரசீகத்தில் இதற்கு அப்ரி என்று பெயர். ‘அப்ர்’ என்றால் மேகம். துருக்கியில் எப்ரு என்பார்கள். 2014இல் யுனெஸ்கோ இந்தத் துருக்கிக் கலையை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

துருக்கி வரை போக வேண்டாம். நம் எல்லைக்கு அந்தப்புறம், கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கிற பீஜாப்பூரில் 1600களில் இந்தக் கலை உச்சத்தில் இருந்தது. 1580 முதல் 1627 வரை அங்கே ஆண்ட இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா கலைஞர்களை ஆதரித்தவர். அந்த ஊர் ஓவியர்கள் மேகக் காகிதத்தை வெறும் கரையாக வைக்கவில்லை. தாளில் வேண்டாத இடத்தை மறைத்துவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வண்ண ரேகை விழச் செய்து உருவங்களையே உண்டாக்கினார்கள். எலும்பும் தோலுமான குதிரை ஒன்றின் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1625 வாக்கில் பீஜாப்பூரில் செய்தது. அந்தக் குதிரையின் உடம்பு முழுக்க மேக ரேகைதான்.

அந்தப் பீஜாப்பூர்ப் படை 1638இல் பெங்களூரையே பிடித்தது. நம்மில் பலர் வீட்டில் பேசுகிற தக்னியும் அந்தத் தக்காண மண்ணில் வளர்ந்த பேச்சுதான். ஆகவே குழந்தைகளே, நீங்கள் இன்று தட்டில் வண்ணத்தைக் கலக்கும்போது வெளிநாட்டு வேலையைக் காப்பியடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கலையைத்தான் திரும்பக் கற்றுக்கொள்கிறீர்கள்.

இந்தக் கலையில் ஒரு அதிசயம் உண்டு. ஒரு தாளில் விழுந்த ரேகை இன்னொரு தாளில் அப்படியே விழாது. நம் கைரேகை மாதிரிதான். 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் சேர்ந்து வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் இந்த மேக ரேகையை வைத்தார்கள். கள்ள நோட்டு அடிப்பவன் அதை அப்படியே வரைய முடியாது அல்லவா? பழைய கடைகளில் இருந்த பெரிய கணக்குப் பேரேடுகளின் அட்டையிலும் இந்த ரேகைத் தாளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அழகு காவல் வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஏழு முறைகள்

இனி செய்முறை. சகோதரிகள் செய்து காட்டுவார்கள், நான் வாயால் சொல்லி வைக்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தடித்த தாள். சாதாரண நோட்டுத்தாள் பசை பட்டதும் சுருண்டுவிடும். பழைய கலைஞர்கள் இரண்டு மூன்று தாளைச் சேர்த்து ஒட்டி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதற்கு வஸ்லி என்று பெயர். ‘வஸ்ல்’ என்றால் சேர்தல். நாமும் செய்யலாம். ஒரு கரண்டி மைதாவை ஆறு கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். மெல்லிசாகத் தடவி இரண்டு தாளை ஒட்டி, மேலும் கீழும் சுத்தமான துணி வைத்து, கனமான பாத்திரத்தை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டீல் டம்ளரின் அடியால் தேய்த்தால் பளபளப்பு வரும். அந்தக் காலத்தில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தாலே போதும், பூஞ்சை பிடிக்காது.

இரண்டு, சாயத்தாள். பளிச்சென்ற வெள்ளை கண்ணைக் கூசும் என்று பாரசீகத்துக் காகிதக்காரர்கள் தாளுக்கு மருதாணியிலும் குங்குமப்பூவிலும் லேசாகச் சாயம் ஏற்றினார்கள். நம் வீட்டில் மருதாணிப் பொடி இருக்கிறது, டீத்தூள் இருக்கிறது. கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் பஞ்சால் தாளின் மேல் தடவிக் காயவிடுங்கள். பழைய ஓலையின் நிறம் வரும். பாலும் சர்க்கரையும் போட்ட டீயை ஊற்றிவிடாதீர்கள், எறும்புக்குத்தான் விருந்து. மஞ்சள்தூள் கரைசலும் பூசலாம். அது காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, குச்சியில் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும். விளையாட்டுக்கு மஞ்சள், வைத்துக்கொள்ள வேண்டிய பக்கத்துக்கு மருதாணி.

மூன்று, தூவல். தாளில் பொன் துகளைத் தூவுவதை ஸர்அஃப்ஷான் என்பார்கள். நமக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வண்ணத்திலோ கெட்டியான டீ டிக்காஷனிலோ தோய்த்து, முடியைக் கட்டைவிரலால் நெருடினால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். தாளின் மேல் ஒரு புளிய இலைக் கொத்தையோ வேப்பிலையையோ வைத்துவிட்டுத் தெறிக்கவிடுங்கள். இலையை எடுத்தால் அதன் வடிவம் வெள்ளையாக நிற்கும். பீஜாப்பூர் ஓவியர்கள் மறைத்துச் செய்தார்கள் என்றேனே, அதே யோசனைதான்.

நான்கு, மேகத்தாள். முறையான எப்ருவுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கப் பிசின் வேண்டும். பாரசீகத்தில் வெந்தயம் ஊறிய கொழகொழப்பான தண்ணீரையும் பயன்படுத்தினார்கள். குழந்தைகளுக்குச் சுலபமானது ஷேவிங் ஃபோம். அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஸ்கேலால் மட்டமாக்கி, இரண்டு மூன்று நிறத்தில் வாட்டர் கலரைத் தண்ணீர்விட்டுக் கரைத்துச் சொட்டுங்கள். துடைப்ப ஈர்க்குச்சியால் மேலும் கீழும் இழுங்கள். ரொம்பக் கலக்கினால் சேறாகிவிடும். தாளை மேலே வைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி எடுத்து, ஒரு நிமிடம் கழித்து நுரையை ஸ்கேலால் வழித்துவிடுங்கள். நுரை போகும், ரேகை நிற்கும். ஒரே தட்டில் இரண்டு மூன்று தாள் எடுக்கலாம்.

ஐந்து, வெட்டுக்கோலம். பள்ளிவாசல் ஜன்னலில், பழைய வீட்டுக் காற்றுப்போக்கியில் ஜாலி வேலை பார்த்திருப்பீர்கள். சதுரத் தாளை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, நடுப்புள்ளி இருக்கிற மூலையிலிருந்து குறுக்காக முக்கோணமாக மடியுங்கள். மடிப்பு ஓரங்களில் அரை இலை, அரை நட்சத்திரம் என்று வெட்டுங்கள். மடிப்பு முழுதும் அறுந்துபோகாமல் இடைவெளி விட வேண்டும். பிரித்தால் எட்டுப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். அதை மேகத்தாளின் மேல் ஒட்டினால், கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

ஆறு, கரை. ஏட்டின் ஓரக் கரைக்கு ஹாஷியா என்று பெயர். இதற்கு நம் வீட்டில் குவிந்து கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல சரக்கு இல்லை. பொன் அச்சு, புடைப்புப் பூ, வெல்வெட் தாள் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு விரல் அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி நான்கு பக்கமும் ஒட்டலாம். ஆனால் ஒரு கண்டிப்பு. நம் பத்திரிகைகளின் உச்சியில் பிஸ்மில்லாஹ்வும் சில நேரம் ஆயத்தும் இருக்கும். பெயர்களிலும் அல்லாஹ்வின் திருநாமம் வரும். கத்தரியை எடுக்கும் முன் பெரியவர் ஒருவர் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து மரியாதையாக வைத்துவிட வேண்டும். உருது நாளிதழைக் கிழித்து அடியில் விரிப்பதற்கும் இதே கண்டிப்புதான். தெரியாத எழுத்தாக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வெட்டுங்கள்.

ஏழு, பூவும் இலையும். நம் பாகலூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் ரோஜா விளைகிறது. ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்துப்போட்ட பூவின் இதழ் நமக்குப் போதும். இதழைத் தனித்தனியாகப் பிரித்து, பழைய நோட்டுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி இரண்டு வாரம் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றினால் கறுக்காது. சிவப்பு ரோஜா கொஞ்சம் கருஞ்சிவப்பாகத்தான் ஆகும், அதுவும் அழகுதான். தோட்டத்துப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்த ஏழுக்கும் சேர்த்து வாங்க வேண்டியது ஒரு பெட்டி வாட்டர் கலரும் ஒரு ஷேவிங் ஃபோமும்தான். அதையும் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கலாம்.

நடுவில் எதை வைப்பது?

மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். கரை போட்டாயிற்று, மேகம் விட்டாயிற்று. நடுவில் எதை வைப்பது?

ஓசூரில் சிப்காட் 1970களில் வந்த பிறகு பிழைப்புக்காக இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் பாதிக்கு மேல் இருப்பார்கள். வாணியம்பாடியிலிருந்து, ஆம்பூரிலிருந்து, தர்மபுரியிலிருந்து, அந்தப் பக்கம் மாலூர், கோலாரிலிருந்து வந்தோம். வாடகை வீடு மாறும்போதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி குறைந்தது. அதோடு தாதாவின் கடிதமும் நானியின் நிக்காஹ் சீட்டும் போயின. இப்போது போனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கிறோம். போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் போயிற்று.

மொழியையும் பாருங்கள். வீட்டில் தக்னி, பள்ளியில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், போனில் ஆங்கிலம். தாதி உருதுவில் எழுதி வைத்த சமையல் குறிப்பைப் பேத்தியால் படிக்க முடியவில்லை. தாதி இருக்கும்வரை பரவாயில்லை, வாயால் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு அது யாருக்கும் புரியாத கோடாகிவிடும். ஒரு நாள் யாரோ அதையும் எடைக்குப் போடுவார்கள்.

ஆகவே குழந்தைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஒரு வாரத்தில் வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்காருங்கள். தாதா, தாதி, நானா, நானி யாராக இருந்தாலும் சரி. மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரிலிருந்து, ஏன் வந்தீர்கள்? முதலில் பார்த்த வேலை என்ன, வாங்கிய கூலி எவ்வளவு? உங்கள் அம்மா உங்களுக்குச் செய்து தந்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள். திருத்த வேண்டாம். தக்னியில் ஒரு சொல் வந்தால் அதையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

பிறகு அதே பக்கத்தில் அவர்கள் கையால் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். உருதுவோ தமிழோ கன்னடமோ, எது வருமோ அது. எழுதத் தெரியாதவர் என்றால் வெட்கப்பட வைக்காதீர்கள். மருதாணிச் சாயத்தில் பெருவிரலைத் தொட்டு ஒரு ரேகை வைக்கச் சொல்லுங்கள். மேகத்தாளைப் பற்றிச் சொன்னேனே, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று. அதற்கு மேலான ரேகை இது. அதைச் சுற்றிக் கரை போடுங்கள். அந்தப் பக்கம் எடைக்குப் போகாது.

சில வீடுகளில் மனிதர் படத்தை ஒட்ட விரும்ப மாட்டார்கள். அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். படம் இல்லாமலே பக்கம் நிறையும். எழுத்து இருக்கிறது, இலை இருக்கிறது, எட்டு முனைக் கோலம் இருக்கிறது. பழைய பஸ் டிக்கெட், தைத்த சட்டையின் துணித் துண்டு, மிளகாய்ப்பொடிக்கு என்னென்ன எவ்வளவு என்ற கணக்கு, இவையும் அந்த வீட்டின் சரித்திரம்தான்.

செய்யக் கூடாதவை

தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அலங்காரம் செய்கிற ஆர்வத்தில் அசலை ஒட்டிவிடாதீர்கள். கிரயப் பத்திரம், பிறப்புச் சான்று, நிக்காஹ் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைத்தான் ஒட்ட வேண்டும். ஏதாவது ஒரு அலுவலகத்தில் பழைய சான்றைக் கேட்கும்போது, பசை தடவிய தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

பழைய கடிதம் மாதிரி அசலையே வைக்க வேண்டும் என்றால் ஒட்டாதீர்கள், உறை செய்யுங்கள். ஒரு தாளை மூன்று ஓரம் மட்டும் பக்கத்தில் ஒட்டி, மேல் ஓரத்தைத் திறந்து விட்டால் அது பை ஆகிவிடும். கடிதத்தை அதில் செருகலாம், எடுத்துப் படிக்கலாம், திரும்ப வைக்கலாம். சின்ன அட்டையாக இருந்தால் நான்கு மூலைக்கும் முக்கோணத் தாள் ஒட்டி அதில் செருகிவிடலாம். அந்தக் கால ஆல்பங்களில் அப்படித்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் ஒட்டு நாடாவைப் பழைய தாளில் ஒட்டக் கூடாது. சில வருடத்தில் நாடா மஞ்சளாகிக் கழன்றுவிடும், கறை மட்டும் தாளில் தங்கிவிடும். பழைய கையெழுத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. மெஷினில் வருகிற ரசீதும் ஸ்கேன் படமும் வெப்பத்தில் அச்சாகிறவை, தானாகவே வெளுத்துவிடும். இன்றே நகல் எடுங்கள். பழைய போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பென்சிலால் மெதுவாகப் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பெயர் எழுதாத போட்டோ, இரண்டு தலைமுறைக்குப் பிறகு யாரோ ஒருவரின் போட்டோ.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் ஒட்டாதீர்கள். கோணலாக இருக்கட்டும். பசை வழியட்டும். பிள்ளையின் கோணலான கையெழுத்தும் ஒரு நாள் தேடினால் கிடைக்காத பொருளாகிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது பெரியவரின் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைப்பதும், அந்த அரை மணி நேரம் போனை வாங்கி வைப்பதும்தான்.

வகுப்பு முடிகிற நாளில், இன்ஷா அல்லாஹ், இந்தப் பக்கங்களை இதே கூடத்தின் சுவரில் கயிறு கட்டி மாட்டுவோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. எந்தப் பெரியவரின் பக்கமோ, அந்தப் பெரியவரை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம். தம் பேரைச் சுற்றிப் பேரனும் பேத்தியும் போட்ட கரையை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தாளும் கத்தரியும் தயாராக இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வாருங்கள். கத்தரியைக் கொடுக்கும்போது கைப்பிடியை எதிரில் இருப்பவர் பக்கம் நீட்டிக் கொடுங்கள்.